திருப்பணிக் காட்சிகள்: திருவொற்றியூரும் சோழர் கலையும்

அரசர் கோயில் எடுப்பித்ததைச் சிற்பமாகக் காட்டுவது தமிழகத்தில் அரிது. கல்வெட்டே பெரும்பாலும் அதைப் பேசுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் ஓவியமொன்றில் இராஜராஜனைக் காண்போர் உண்டு. பெயர் பொறிக்கப்படாததால் அது ஊகமே. கோனேரிராஜபுரம் கோயில் உறுதியான விதிவிலக்கு. 10ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி தம் கணவர் கண்டராதித்தர் பெயரால் எடுப்பித்த அக்கற்றளியில், கண்டராதித்தர் இலிங்கத்தை வழிபடும் சிற்பமும் அதை விளக்கும் கல்வெட்டும் உள்ளன. அச்சிற்பத்தில் உளி பிடித்தவர் இல்லை. வழிபாடே கொடையின் உருவமாகிறது.

அந்த விடுபாட்டை வடசென்னையின் திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயில் எழுத்தால் நிரப்புகிறது. முதலாம் இராஜேந்திரன் காலத்தில் (1014–1044) அதன் தூங்கானை மாட விமானம் கருங்கல்லில் எழுந்தது. மடத்துத் தலைவர் சதுரானன பண்டிதரின் முயற்சியையும், கட்டிய ரவி என்ற வீரசோழத் தச்சனையும் கல்வெட்டு பெயர் சொல்லிக் குறிக்கிறது. சோழர் காலத் தச்சர் ஒருவரின் பெயர் நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பேறு. மன்னனின் ஆட்சிக்காலத்தில் எழுந்ததால் இது அரசப் பணியே என்று வாதிடலாம். ஆனால் ஆட்சியாண்டு அன்றைய காலக்கணக்கு. விளக்கெரிக்க ஆடு கொடுத்த எளியவரின் கொடைக்கும் அதுவே தலைப்பு. ஆகவே ஆட்சியாண்டு மட்டும் புரவலரைச் சுட்டாது. அதற்காக அரசனின் பங்கை முற்றிலும் மறுக்கவும் இயலாது: தச்சன் தாங்கிய ‘வீரசோழ’ என்ற சிறப்புப் பெயரே சோழ மரபின் பட்டம்.