அச்சேறாத ஏடு

எங்கள் தீவுப்பகுதியில், நான் பிறந்த இறுப்பிட்டியிலுந்தான், நூலகம் என்றால் வாசிகசாலை. பத்திரிகை பார்ப்போம், நாவல் இரவல் எடுப்போம். ஒரு மொழியின் பழம்பதிப்புகளையோ ஒரு துறையின் ஆவணங்களையோ தேடிச் சேர்க்கும் சிறப்பு நூலகம் வேறு வகை. அது அறிஞர்களின் ஆர்வத்தால் மட்டும் உருவாவதாக எண்ணுகிறோம். அரசின் கொள்கைக்கும் அதில் பங்குண்டு. பல வேளைகளில் நூலகத்தை நினையாமலே வகுத்த கொள்கைக்கு.

இலங்கையில் 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம், அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க விதித்தது. யார் என்ன அச்சிடுகிறார் என்று கவனிக்கும் புத்தி அதில் இருந்ததென்பது என் எண்ணம். ஆனால், யாழ்ப்பாணத்து அச்சுக்கூடங்களில் பிறந்த புராண உரையும் வைத்திய நூலும் சமயச் சண்டைப் பிரசுரமும் கொழும்பு நூதனசாலை நூலகத்துக்குப் போய்ச்சேர அதுவே வழியாயிற்று. ஊரில் கறையான் தின்ற நூலுக்கு அங்கே ஒரு பிரதி கிடைத்தாலும் கிடைக்கலாம்.

அமெரிக்காவின் கதை இன்னும் வேடிக்கை. அந்நாட்டின் 1954ஆம் ஆண்டுப் பொதுச் சட்டம் 480 உபரித் தானியத்தை விற்க வந்தது. இந்தியா கோதுமைக்கு ரூபாயாகவே பணங் கட்டிற்று. அதில் ஒரு பகுதியைக்கொண்டு 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்திய நூல்களை வாங்கி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ் நூல்களும் கப்பலேறின. அப்படி நூல் பெற்ற சிக்காகோ பல்கலைக்கழகமே 1994இல் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரத்தை வாங்கியது. அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

கையால் எழுதிய ஏடு மட்டும் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் படவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. பெயர் பொது நூலகம். உள்ளே இருந்த அரிய சேகரங்களால் அது சிறப்பு நூலகமுங்கூட. அச்சான நூல்களிற் சிலவற்றை வேறிடங்களிலிருந்து மீட்கலாம். ஓலைச்சுவடிக்கு அந்த வழியில்லை. 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதியார் இடம்பெயர்ந்தபோது வீட்டுப் பெட்டகங்களில் விட்டுப்போன வாகடத்துக்கும் கூத்துக் கொப்பிக்கும் இதே கதிதான்.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் ஈழத்து எழுத்துகளை மின்பிரதியாக்கி வருகிறது. அதைத் தொடக்கியது அரசாணையல்ல, தன்னார்வலர் உழைப்பு. எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் இன்னும் கூத்துக் கொப்பி இருக்கிறது, படமெடுக்கத் தருவார்களா என்றுதான் இப்போது ஊராரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.