நிஜ குண்டர்களின் கதை திரையில்: ரசிக்கலாமா, கூடாதா?

அவர் நடந்து வந்தால் பின்னணி இசை அதிரும். கண்ணாடியைக் கழற்றினால் விசில் பறக்கும். ஆளை அடித்துப் போட்டாலும் நமக்கு அவர் மேல் கோபம் வராது. 'செம கெத்து' என்றுதான் சொல்லத் தோன்றும்.

ஆனால் படத்தின் தொடக்கத்தில் ஒரு வரி வந்திருக்கும்: 'உண்மைச் சம்பவங்களைத் தழுவியது'. அப்படியென்றால் அடி வாங்கியவரும் உண்மையான மனிதர்தானே? அவருக்கு ஒரு வீடு, ஒரு குடும்பம் இருந்திருக்கும் அல்லவா?

குண்டர் படங்கள் நம்மை ஏன் இழுக்கின்றன, அவற்றை எடுப்பதிலும் பார்ப்பதிலும் என்ன சிக்கல்... கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எல்லாமே 'உண்மைக் கதை'தானா?

இல்லை. இந்தப் படங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, உண்மையான ஆளின் கதையையே சொல்வது. மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கிய 'குட்ஃபெல்லாஸ்' (1990) அப்படிப்பட்டது. நியூயார்க் மாஃபியா கும்பலோடு வளர்ந்து, 1980இல் கைதான பிறகு அரசாங்கத் தரப்புச் சாட்சியாக மாறிய ஹென்ரி ஹில் என்பவரின் கதை அது. அவருடைய பெயர் மாறவில்லை. கூட்டாளிகளின் பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டன.

இரண்டாவது, நிஜ வாழ்க்கையிலிருந்து தூண்டுதல் பெற்று, பெயரையும் சம்பவங்களையும் மாற்றிக்கொள்வது. மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) இந்த வகை. மும்பையில் செல்வாக்கோடு இருந்த வரதராஜன் முதலியாரின் வாழ்க்கை அதற்குத் தூண்டுதல்.

மூன்றாவது, ஆள் கற்பனை, ஆனால் சூழல் நிஜம். மலேசியாவைக் களமாகக் கொண்ட ரஜினியின் 'கபாலி' (2016) அப்படி. கபாலி என்று ஒருவர் வாழ்ந்ததில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளர்களின் வரலாறும் குண்டர் கும்பல்களும் உண்மை.

எந்த வகை என்று தெரிந்துகொள்வது முக்கியம். 'தழுவியது' என்ற ஒரே சொல் மூன்றையும் மூடிவிடும்.

நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

நாம் கெட்டவர்கள் என்பதால் அல்ல. படம் நம்மை உட்கார வைக்கும் இடம் அப்படி.

'குட்ஃபெல்லாஸ்' படத்தைக் கவனியுங்கள். கதையைப் பெரும்பாலும் ஹென்ரியே நமக்குச் சொல்கிறார். இரவு விடுதிக்குள் அவர் பின்வாசல் வழியாகக் காதலியை அழைத்துப்போகும் காட்சி ஒரே 'ஷாட்'டில் நகரும். சமையலறையைக் கடந்து உள்ளே போனால், மேடைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கென்று ஒரு மேசை கொண்டுவந்து போடுவார்கள். வரிசையில் காத்திருக்கத் தேவையில்லாத வாழ்க்கை! கேமரா நம்மையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகிறது.

தமிழ்ப் படங்களில் இன்னொரு காரணமும் உண்டு: நியாயம். போலீஸ் அடிக்கிறது, முதலாளி ஏமாற்றுகிறார், ஏழைக்குக் கேட்க ஆளில்லை. அப்போது ஒருவர் எழுந்து நிற்கிறார். நாம் கை தட்டுவது துப்பாக்கிக்காக அல்ல, கேள்வி கேட்க ஓர் ஆள் வந்துவிட்டாரே என்பதற்காக.

அந்த உணர்வு பொய்யில்லை. ஆனால் அதே உணர்வை வைத்துத்தான் மற்றதையெல்லாம் மறைக்கவும் முடியும்.

'நாயகன்' எதைக் காட்டியது, எதை மாற்றியது?

வரதராஜன் முதலியார் தூத்துக்குடியில் பிறந்தவர். மும்பைக்குப் போய், விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் சுமை தூக்கி வாழ்க்கையைத் தொடங்கினார். தாராவி, மாட்டுங்கா வட்டாரங்களில் வாழ்ந்த தமிழர்கள் பலர் உதவி தேடி அவரிடம் போனார்கள். அங்கே அவருக்கு இருந்த மரியாதை உண்மை.

அவர் பணம் பார்த்த வழிகளில் முக்கியமானது கள்ளச்சாராயம். அதுவும் உண்மை.

திரையில் வரும் வேலு நாயக்கரை நாம் அதிகம் பார்ப்பது கடத்தல்காரராகத்தான். கடல், படகு, மழை என்று அதில் ஒரு சாகசம் இருக்கிறது. சாராயத்தில் சாகசம் இல்லை. அதைக் குடிப்பவரும் ஏழை, அதனால் சாகிறவரும் ஏழை. கள்ளச்சாராயம் என்ன செய்யும் என்பதற்குப் பழைய கதை தேட வேண்டாம். 2024 ஜூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

முடிவும் வேறு. படத்தில் வேலு நாயக்கர் நீதிமன்றத்திலிருந்து விடுதலையாகி வரும்போது சுடப்படுகிறார். நிஜத்தில் வரதராஜன், காவல்துறையின் நெருக்குதல் அதிகமான பிறகு மும்பையை விட்டுச் சென்னைக்குப் போனார். படம் வெளிவந்த சில மாதங்களில், 1988 ஜனவரியில், அங்கேயே காலமானார்.

இருந்தாலும் 'நாயகன்' ஒரு விஷயத்தில் நேர்மையான படம். வேலுவைச் சுடுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். முன்பு அவர் அடித்துக் கொன்ற போலீஸ் அதிகாரியின் மகன். பாதிக்கப்பட்டவரின் பிள்ளையைப் படம் மறக்கவில்லை; கடைசிவரை கூடவே கொண்டுவருகிறது. வேலுவின் சொந்த மகளே அவரை எதிர்த்து நிற்கிறார். அவர் நல்லவரா, கெட்டவரா என்று பேரன் கேட்கும்போது வேலுவிடம் பதில் இல்லை.

அதன் பிறகு எத்தனையோ படங்கள் 'நாயகன்' பாணியில் வந்துவிட்டன. பல படங்கள் அந்த நடையையும் வெள்ளை வேட்டியையும் எடுத்துக்கொண்டன. அந்த மகளையும் அந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டன.

குற்றம் செய்தவர் அந்தக் கதையை விற்றுச் சம்பாதிக்கலாமா?

இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. போக வைத்தது வேறு யாருமல்ல, அதே ஹென்ரி ஹில்.

நியூயார்க் மாநிலத்தில் 1977இல் ஒரு சட்டம் வந்தது. குற்றம் செய்தவர் தன் குற்றக் கதையைப் புத்தகமாகவோ படமாகவோ விற்றால், அந்தப் பணம் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒதுக்கி வைக்கப்பட வேண்டும். கேட்டால் நியாயமாகத்தானே தெரிகிறது?

1985இல் ஹில்லின் வாழ்க்கை 'வைஸ்கை' என்ற பெயரில் புத்தகமாக வந்தது. எழுதியவர் நிக்கலஸ் பிலெஜி. பின்னாளில் 'குட்ஃபெல்லாஸ்' ஆனது அந்தப் புத்தகம்தான். பதிப்பகம் ஹில் தரப்புக்கு அதற்குள் 96,250 டாலர் கொடுத்திருந்தது. மாநில வாரியம் தலையிட, பதிப்பகம் வழக்குப் போட்டது.

1991இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. காரணம், சட்டத்தின் வலை ரொம்பப் பெரிது. மால்கம் எக்ஸ் போன்ற ஒருவர் தன் இளமைக் காலத் தவறுகளைப் பற்றி எழுதிய சுயசரிதைகூட அதில் சிக்கியிருக்கும். குற்றத்தைப் பற்றிப் பேசினாலே பணம் போய்விடும் என்றால், திருந்தியவர்கள்கூட வாய் திறக்க மாட்டார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2001இல் நியூயார்க் புதிய விதியைக் கொண்டுவந்தது. தண்டனை பெற்றவருக்கு 10,000 டாலர் அல்லது அதற்கு மேல் எந்த வழியில் பணம் வந்தாலும், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் வழக்குத் தொடுக்கலாம். கதை சொல்லும் உரிமையைத் தொடாமல், இழப்பீடு கேட்கும் உரிமையைக் காப்பாற்றும் வழி இது.

ஹில் 2012இல் இறந்தார். படத்தால் கிடைத்த புகழோடு பேட்டிகள் கொடுத்தார், தான் வரைந்த ஓவியங்களை விற்றார். அந்தக் கும்பலால் பாதிக்கப்பட்டவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

முடிவை மாற்றினால் சரியாகிவிடுமா?

அதிகாரிகள் அடிக்கடி கையில் எடுக்கும் வழி இது. ஆனால் புதிதல்ல.

1932இல் அமெரிக்காவில் 'ஸ்கார்ஃபேஸ்' என்ற படம் வந்தது. சிகாகோவின் அல் கபோனை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டது. படம் குண்டர்களைப் புகழ்வதாகத் தணிக்கையாளர்கள் கவலைப்பட்டார்கள். 'நாட்டின் அவமானம்' என்று பொருள்படும் துணைத் தலைப்பு சேர்க்கப்பட்டது. கதாநாயகனைத் தூக்கில் போடுவதுபோல் வேறொரு முடிவும் எடுக்கப்பட்டது.

84 ஆண்டுகள் கழித்து 'கபாலி'. மற்ற நாடுகளில் படம் துப்பாக்கிச் சத்தத்தோடு, என்ன நடந்தது என்று சொல்லாமலேயே முடிந்தது. மலேசியத் திரையரங்குகளில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக எழுத்தில் ஒரு குறிப்பு வந்தது.

சட்டத்தை மீறியவர் தப்பிக்கக் கூடாது என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் நீங்களே சொல்லுங்கள். இரண்டரை மணி நேரம் ஒருவரைக் கொண்டாடிவிட்டு, கடைசியில் ஒரு வரி போட்டால், மனத்தில் எது நிற்கும்?

இதெல்லாம் நமக்கு ஏன் முக்கியம்?

ஏனென்றால் இது ஏதோ தூரத்து ஊர் விஷயமில்லை.

2013 ஆகஸ்ட்டில் மலேசிய உள்துறை அமைச்சு, சட்டவிரோதமான 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் 40,313 உறுப்பினர்கள் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் 28,926 பேர் இந்தியர்கள். அதாவது பத்தில் ஏழு பேர். மக்கள்தொகையிலோ இந்தியர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

படம் பார்த்துத்தான் இவர்கள் சேர்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. தோட்டங்கள் மூடப்பட்டது, நகரத்தில் நிலையான வேலை இல்லாதது, பாதியில் நின்ற படிப்பு என்று காரணங்கள் நிறைய. கும்பல் அவர்களுக்குப் பணத்தோடு 'நீ எங்க ஆளு' என்ற அடையாளத்தையும் தருகிறது. சினிமாவும் அதே அடையாளத்தை அழகாக்கிக் காட்டும்போதுதான் சிக்கல்.

சிங்கப்பூரில் சங்கங்கள் சட்டத்தின்கீழ், சட்டவிரோதக் கும்பலில் உறுப்பினராக இருந்தாலே 5,000 வெள்ளி வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். யாரையும் அடித்திருக்க வேண்டியதில்லை. 1955இல் வந்த குற்றவியல் சட்டத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டமோ, ரகசியக் கும்பல் நடவடிக்கைகளில் ஈடுபடுவோரை விசாரணையின்றித் தடுத்துவைக்கவும் இடம் தருகிறது.

நம் ஊரிலும் ஒரு படம் வேறு பாதையில் முயன்றது. ராய்ஸ்டன் டானின் '15' (2003). நிஜமாகவே கும்பல் வாழ்க்கையில் இருந்த இளையர்களை நடிக்க வைத்தார். அதில் மாஸ் 'என்ட்ரி' கிடையாது. சலிப்பும் தனிமையும் போவதற்கு இடமில்லாத பையன்களும்தான். 27 வெட்டுகளோடு வெளிவந்தது. மறு ஆண்டு அவர் தணிக்கையைக் கிண்டல் செய்து 'கட்' என்ற குறும்படம் எடுத்தார். அந்த இளையர்களை அப்படியே காட்டுவது ஆபத்தா, காட்டாமல் விடுவது ஆபத்தா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை.

அப்போ, பார்க்கலாமா வேண்டாமா?

தாராளமாகப் பாருங்கள். வயதுக்கேற்ற தரவரிசையை மட்டும் கவனியுங்கள். பார்க்கும்போது இந்த நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

• கதையைச் சொல்வது யார்? குண்டரே சொன்னால், அவருக்குச் சாதகமில்லாதது எது விடுபட்டிருக்கும்?

• பாதிக்கப்பட்டவருக்குப் பெயர் இருக்கிறதா? அடி வாங்கியதும் காணாமல் போகிறாரா, அல்லது திரும்பி வருகிறாரா?

• பணம் எங்கிருந்து வருகிறது? வீடும் காரும் காட்டும் படம், அந்தப் பணத்தைக் கொடுத்த கடைக்காரரையும் கடனாளியையும் காட்டுகிறதா?

• 'தழுவியது' என்றால், எதை மாற்றினார்கள்? படம் முடிந்ததும் ஐந்து நிமிடம் தேடிப் படித்தாலே பாதி தெரிந்துவிடும்.

இந்தக் கேள்விகளைக் கேட்டால் ரசனை கெட்டுப்போகாது. 'நாயகன்' படத்தை இன்னொரு முறை போட்டு, இந்த முறை வேலுவை விட்டுவிட்டு அந்தப் போலீஸ் அதிகாரியின் மகன் வரும் காட்சிகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஏற்கெனவே பார்த்த படம்தான், ஆனால் வேறு கதை தெரியும்.