மரக்கானாவுக்குப் பின் நடந்த விசாரணை

1950 ஜூலை 16 அன்று ரியோ டி ஜெனீரோவில் மரக்கானா மைதானத்தில் பிரேசில் உருகுவேயிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. ஆட்டம் தொண்ணூறு நிமிஷம். அதைப் பற்றிய விவாதம் ஐம்பது வருஷத்துக்கு மேல் நீடித்தது. எனக்கு அக்கறை இரண்டாவதில்தான். கால்பந்துக்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று கேட்கக்கூடிய நண்பர்கள் உண்டு. அந்த விவாதத்தைத் தெருவிலிருந்து எடுத்து அதற்கு மொழியும் உருவமும் கொடுத்தவர்கள் எழுத்தாளர்கள். ஒரு தேசம் தன் தோல்வியை எந்த வார்த்தைகளில் பேசிக்கொள்வது என்று கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். அந்த வகையில் இது நம் விஷயமும்தான்.

அந்த வருஷ உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. கடைசிச் சுற்றில் நான்கு அணிகள் ஒன்றோடொன்று ஆடின. பிரேசில் ஸ்வீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் வென்றிருந்தது. உருகுவே ஸ்பெயினோடு 2-2 என்று சமன் செய்து, ஸ்வீடனை 3-2 என்று தட்டுத்தடுமாறித் தாண்டியிருந்தது. கடைசி ஆட்டம் இவ்விருவருக்கும் நடுவில். பிரேசிலுக்கு டிரா போதும். (இந்தப் போட்டிக்கு இந்தியாவும் போக வேண்டியிருந்தது, போகவில்லை. வெறுங்காலோடு ஆட அனுமதி மறுக்கப்பட்டதால் போகவில்லை என்ற கதையை நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உலகக் கோப்பையைவிட ஒலிம்பிக்கே பெரிது என்று நம் கால்பந்து ஸ்தாபனம் நினைத்ததில் கதைக்கு ஏற்ற ருசி இல்லை.)

ஆட்டம் தொடங்கும் முன்பே வெற்றி விழா நடந்து முடிந்துவிட்டது. அன்றைய பத்திரிகை ஒன்று பிரேசில் அணியின் படத்தைப் போட்டு, உலக சாம்பியன்கள் இவர்கள்தான் என்று அச்சிட்டிருந்தது. ரியோ மேயர் மைதானத்திலேயே ஆட்டக்காரர்களைச் சாம்பியன்கள் என்று விளித்து வாழ்த்துரை வழங்கினார். சர்வதேசக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவர் ழூல் ரிமே போர்ச்சுகீசிய மொழியில் ஒரு பாராட்டுரையைத் தயாரித்து வைத்திருந்தார். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மட்டும் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல். மற்றவர்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர் என்பார்கள்.

இதை எதிர்பாராத தோல்வி என்று சொல்வதே வழக்கமாகிவிட்டது. 1924லும் 1928லும் ஒலிம்பிக் கால்பந்தில் தங்கம் வாங்கி, 1930ல் முதல் உலகக் கோப்பையையும் வென்ற நாடு உருகுவே. அதே 1950 மே மாதம் இந்த இரு அணிகளும் மூன்று முறை மோதியிருந்தன. முதல் ஆட்டத்தில் உருகுவே 4-3 என்று வென்றது. மற்ற இரண்டில் பிரேசில் வென்றாலும் ஒவ்வொன்றிலும் வித்தியாசம் ஒரே ஒரு கோல்தான். இரண்டு மாதத்துக்கு முந்திய விஷயம். ரசிகனின் ஞாபகத்தில் அது தங்கவில்லை. பதின்மூன்று கோல்களின் போதை அதைக் கழுவிவிட்டது. எதிர்பார்ப்பு அவ்வளவு பெரிதாக இருந்ததால் தோல்வியும் அவ்வளவு பெரிதாயிற்று.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கியதுமே ஃப்ரியாசா பிரேசிலுக்கு ஒரு கோல் அடித்தார். அறுபத்தாறாவது நிமிஷத்தில் உருகுவேயின் கிஜியா வலது ஓரத்தில் பிகோடியைத் தாண்டி ஓடிப் பந்தை உள்ளே கொடுக்க, ஸ்கியாஃபினோ அடித்துச் சமன் செய்தார். எழுபத்தொன்பதாவது நிமிஷத்தில் கிஜியா மறுபடியும் அதே ஓரத்தில் அதே பிகோடியைத் தாண்டி வந்தார். முன்பு போலவே பந்தை உள்ளே கொடுப்பார் என்று கணித்த கோல்கீப்பர் பர்போஸா ஒரு அடி முன்னே நகர்ந்தார். கிஜியா பந்தைக் கொடுக்கவில்லை. கம்பத்துக்கும் பர்போஸாவுக்கும் இடையே திறந்த சந்தில் அடித்துவிட்டார். அந்த இடத்தில் பர்போஸா செய்த கணக்கு சரியான கணக்கு. பதின்மூன்று நிமிஷத்துக்கு முன் விழுந்த கோல் அப்படித்தான் விழுந்தது. சரியான கணக்கும் தோற்கலாம் என்பதை ஏற்றுக்கொள்ள அந்த நாட்டுக்கு மனசில்லை.

ரிமே தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார்: ஆட்டம் சமனில் இருந்தபோது பரிசளிப்புக்காக இருக்கையை விட்டுக் கீழே இறங்கினாராம். உள்வழியாக நடந்து மைதானத்துக்குள் வெளிப்பட்டபோது கூச்சல் நின்றுபோயிருந்தது. மரியாதை அணிவகுப்பு இல்லை, சடங்கு இல்லை. நெரிசலில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறி, உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலாவைக் கண்டுபிடித்து, பேச்சில்லாமல் அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

இரண்டு லட்சம் பேர் அப்படித் தோற்ற இடத்தில் கலவரம் நடந்திருக்கலாம். நடக்கவில்லை. ஜனங்கள் அழுதுகொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த நாட்களில் ரியோ பத்திரிகைகள் கோப்பை போனாலும் மானம் போகவில்லை என்கிற தொனியில் எழுதின. நாம் நாகரிகமுள்ள ஜனங்கள் என்று உலகுக்குக் காட்டிவிட்டோம், தோல்வியைக் கண்ணியத்தோடு ஏற்றோம், இது ஸ்போர்ட்ஸ்மன்ஷிப். இந்த வார்த்தைக்கு நம்மிடம் கச்சிதமான ஒரு சொல் இல்லை. பெருந்தன்மை என்றால் ஜெயித்தவனுக்குத்தான் பொருந்துகிறது. தோற்றவன் காட்ட வேண்டியதற்கு என்ன பேர்? பிரேசில்காரர்களும் இந்த வார்த்தையை இங்கிலீஷ்காரனிடமிருந்துதான் வாங்கினார்கள், கால்பந்தோடு சேர்த்து. வாங்கிய சரக்கு எவ்வளவு நாள் உழைக்கிறது என்று பார்க்கலாம்.

முதல் பாதியில் ஒரு சம்பவம். வரேலாவும் பிகோடியும் ஏதோ ஒரு மோதலில் நெருங்கி நின்றார்கள். வரேலாவின் கை பிகோடி மேல் பட்டது. தட்டிக்கொடுத்தாரா, கழுத்தைப் பிடித்தாரா, அறைந்தாரா? அறைந்தார் என்று பின்னாளில் சத்தியம் செய்தவர்கள் ஏராளம். அந்த அறை நடக்கவில்லை என்று இருவருமே மறுத்தார்கள். ஆனால் விவாதத்துக்கு இருவரின் சாட்சியமும் தேவைப்படவில்லை. பிகோடி அறை வாங்கினான், திருப்பி அடிக்கவில்லை, அப்போதே நாம் தோற்றோம் என்று தீர்மானமாயிற்று. ஒழுங்கு மீறக் கூடாது, முரட்டாட்டம் ஆடக் கூடாது என்று பிரேசில் ஆட்டக்காரர்களுக்கு முன்கூட்டியே உத்தரவு இருந்ததாகவும் சொன்னார்கள். அப்படியானால் பிகோடி செய்தது என்ன? கட்டளைப்படி கண்ணியம் காத்தது. கூட்டம் அதே கண்ணியத்தைக் காத்தபோது அது நாகரிகம். பிகோடி காத்தபோது கோழைத்தனம். இந்த முரண்பாடு அந்த விவாதத்தில் யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. இன்னொன்று: அந்த ஆட்டத்தின் ஃபவுல்களைப் பின்னால் எண்ணிப் பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு, உருகுவே பதினொன்று, பிரேசில் இருபத்தொன்று. முரட்டு உருகுவே, சாதுவான பிரேசில் என்ற சித்திரத்தை இந்த எண்களால் அசைக்க முடியவில்லை. உருகுவேக்காரர்களும் தங்கள் முரட்டு வீரத்தின் கதையை விட்டுக்கொடுக்கத் தயாராயில்லை. ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும் ஒரே பொய் வசதியாக இருந்தது.

வரேலா சிக்கலான மனிதர். பிரேசில் முதல் கோல் போட்டதும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதானமாக ரெஃபரி ஜார்ஜ் ரீடரிடம் நடந்துபோய், ஆஃப்சைடு என்று வாதாடினார். ரீடர் இங்கிலீஷ்காரர், வரேலாவுக்கு ஸ்பானிஷ் மட்டும் தெரியும். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார். ஆஃப்சைடு இல்லை என்று அவருக்கே தெரியும். மைதானத்தின் சூடு தணியும்வரை பந்து ஓடக் கூடாது, அவ்வளவுதான். இது ஸ்போர்ட்ஸ்மன்ஷிப் ஆகுமா? கறாரான அர்த்தத்தில் ஆகாது. ஆனால் அன்று இரவு அதே மனிதர் செய்ததையும் பார்க்க வேண்டும். அணியின் அதிகாரிகள் கொண்டாடிக்கொண்டிருக்க, அவர் ஓட்டலை விட்டு வெளியேறி ரியோவில் ஒரு மதுக்கடையில் போய் உட்கார்ந்தார். சுற்றிலும் அழுதுகொண்டிருந்தவர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாராம். கூட வந்து குடிக்கும்படி கூப்பிட்டார்கள். விடியும்வரை அவர்களோடு குடித்தார். 1972ல் அர்ஜென்டினா எழுத்தாளர் ஒஸ்வால்டோ சொரியானோ அவரைச் சந்தித்துப் பேசியபோது, அந்த ஆட்டத்தை மறுபடி ஆட நேர்ந்தால் தன் கோலிலேயே பந்தை அடித்துக்கொள்வேன் என்ற அர்த்தத்தில் வரேலா சொல்லியிருக்கிறார். அதிகாரிகள் தங்களுக்குத் தங்கப் பதக்கமும் ஆட்டக்காரர்களுக்கு வெள்ளிப் பதக்கமும் செய்துகொண்டார்கள் என்பதும் சரித்திரத்தில் இருக்கிறது. 1948ல் உருகுவே ஆட்டக்காரர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் முன்னணியில் நின்றவர் வரேலா. யார் தன் பக்கம், யார் எதிர்ப்பக்கம் என்பதில் அவருக்குச் சொந்தமான ஒரு அபிப்பிராயம் இருந்தது. அது சட்டையின் நிறத்தைப் பொறுத்ததாக இல்லை.

அவர் தோலின் நிறத்தையும் சொல்ல வேண்டும். கறுப்பு வம்சாவளி. உருகுவேயில் அவருக்கு வழங்கிய பட்டப்பெயரே கறுப்புத் தலைவன் என்பதுதான். அந்த அணியில் ரோட்ரிகஸ் அந்த்ராதே என்ற கறுப்பரும் ஆடினார். பிரேசிலின் தோல்விக்கு அங்கே பொறுப்பாக்கப்பட்டவர்கள் யார்? பர்போஸா, பிகோடி, ஜுவெனல். மூவரும் கறுப்பர்கள். முந்திய இரண்டு ஆட்டங்களில் பதின்மூன்று கோல் போட்ட அணி அன்று ஒரே ஒரு கோல் போட்டது. முன்வரிசை மேல் யாரும் வழக்குத் தொடரவில்லை. அந்தப் போட்டியிலேயே அதிக கோல் அடித்த அதெமிர் அன்று ஒன்றும் அடிக்கவில்லை. அவரை யாரும் கேள்வி கேட்கவில்லை. பயிற்சியாளர் ஃப்ளாவியோ கோஸ்டா சில வருஷத்தில் மறுபடியும் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். பர்போஸாவுக்கு 1953ல் இன்னும் ஒரே ஒரு ஆட்டம் கொடுத்தார்கள். கறுப்பனுக்கு நெருக்கடியில் நெஞ்சுரம் கிடையாது என்று ரியோவின் காபிக் கடைகளில் பேசிக்கொண்டார்கள். கோப்பையை எடுத்துப்போனவன் ஒரு கறுப்பன் என்பது எப்படி அவர்கள் கண்ணில் படாமல் போயிற்று?

இங்கேதான் எழுத்தாளர்கள் வருகிறார்கள். மாரியோ ஃபிலியோ பத்திரிகையாளர். பிரேசில் கால்பந்தில் கறுப்பர்களின் வரலாற்றை 1947ல் புத்தகமாக எழுதியவர். மைதானம் ஜாதி பேதத்தைக் கரைத்துவிட்டது என்ற நம்பிக்கை அதில் ஓடியது. 1964ல் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தபோது புதிய அத்தியாயங்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1950க்குப் பின் பழைய துவேஷம் திரும்ப வந்ததை அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் பிகோடி வாங்கியதாகச் சொல்லப்பட்ட அறைக்கு நிரந்தர ஆயுள் கொடுத்ததிலும் அவர் எழுத்துக்குப் பங்கு உண்டு. நல்ல கதையை விட அவருக்கு மனம் வரவில்லை. 1966ல் அவர் இறந்த பிறகு மரக்கானாவுக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

அவருடைய தம்பி நெல்சன் ரோட்ரிகஸ் பெரிய நாடகாசிரியர். 1958ல் அவர் எழுதிய பத்தி ஒன்று பிரேசில்காரர்களின் தாழ்வு மனப்பான்மைக்குத் தெருநாயின் பெயரைச் சூட்டியது. வரேலா நம்மைத் தெருநாய்களைப் போல நடத்தினான், நாமும் அப்படியே நடந்துகொண்டோம் என்பது அதன் சாரம். சொல்லாட்சி அபாரம், அதனால்தான் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. 1950ன் தோல்வியை ஹிரோஷிமாவோடு ஒப்பிட்டவரும் அவர்தான். பத்தி எழுதுகிறவனுக்கு மிகை வேண்டும் என்பது சரி. ஆனால் ஒரு தோல்வியை அணுகுண்டு என்று சொன்ன பிறகு, குண்டு போட்டவன் யார் என்ற கேள்வியும் கூடவே வரும். கேள்வி தேடிப்போன வீட்டில் ஒரு கோல்கீப்பர் இருந்தார். நாடகாசிரியருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

மோவாசிர் பர்போஸா 1921ல் காம்பினாஸில் பிறந்தவர். வாஸ்கோ ட காமா கிளப்பின் கோல்கீப்பர். அவர் காலத்தில் தென்னமெரிக்காவின் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர். ஓய்வுக்குப் பின் மரக்கானாவிலேயே வேலை பார்த்தார். பழைய மரக் கம்பங்களை மாற்றியபோது அவற்றை வாங்கிவந்து எரித்து இறைச்சி சுட்டுத் தின்றார் என்று ஒரு கதை. நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. கடையில் ஒரு பெண் தன் பையனுக்கு அவரைக் காட்டி, பிரேசில் முழுவதையும் அழவைத்தவன் இவன்தான் என்று சொன்னதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1993ல் தேசிய அணியின் பயிற்சி முகாமைப் பார்க்கப் போனவரை, அபசகுனம் என்று உள்ளே விடவில்லை என்பார்கள். இந்த நாட்டில் அதிகபட்சத் தண்டனை முப்பது வருஷம், நானோ ஐம்பது வருஷமாக அனுபவிக்கிறேன் என்று கடைசிக் காலத்தில் சொன்னார். 2000 ஏப்ரலில் இறந்தார். 1966 உலகக் கோப்பையில் மாங்கா ஆடிய ஒரே ஒரு ஆட்டத்தைத் தள்ளிவிட்டால், 2006ல் தீடா வரும்வரை எந்த உலகக் கோப்பையிலும் பிரேசிலின் கோலில் ஒரு கறுப்பர் நிற்கவில்லை.

சட்டைக்கும் தண்டனை கிடைத்தது. அன்று அணிந்திருந்தது வெள்ளைச் சட்டை. அது தேசத்தின் நிறங்களைக் காட்டவில்லை என்று சொல்லி, 1953ல் ஒரு பத்திரிகை புதிய சட்டைக்குப் போட்டி வைத்தது. ஜெயித்தது அல்திர் கார்சியா ஷ்லீ என்ற பத்தொன்பது வயதுப் பையன். உலகம் முழுவதும் பிரேசிலின் மஞ்சள் சட்டை என்று அறிவது அவன் வரைந்ததுதான். உருகுவே எல்லையில் ஆற்றங்கரை ஊரான ஜாகுவாராவைச் சேர்ந்தவன். பின்னாளில் எல்லைப்புற மனிதர்களைப் பற்றிச் சிறுகதைகள் எழுதினார், சிலவற்றை ஸ்பானிஷிலேயே. பிரேசிலும் உருகுவேயும் ஆடினால் தன் மனம் உருகுவே பக்கம்தான் என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தார். 2018ல் இறந்தார். அவர் மேல் யாரும் விசாரணை வைக்கவில்லை.

2014 ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசாண்டேயில் ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று தோற்கடித்தது. மறுநாள் ரியோ பத்திரிகை ஒன்று முதல் பக்கத்தில் 1950ன் ஆட்டக்காரர்களுக்கு வாழ்த்துத் தெரிவித்தது: இதுவரை நம் மிகப் பெரிய அவமானம் நீங்கள் என்று குற்றம் சாட்டிவந்தோம், நேற்றுதான் உண்மையான அவமானம் என்றால் என்னவென்று தெரிந்தது என்ற கருத்தில். அந்த வாழ்த்து அச்சானபோது பர்போஸா இறந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது. ஏழு கோல் வாங்கிய அணியிலிருந்து இன்னொரு பர்போஸாவைத் தேடும் வேலையும் அதே வாரம் ஆரம்பித்துவிட்டது.