இதய நோயும் உடலியக்கமும்: பேருந்துப் படிக்கட்டு சொன்ன உண்மை

மும்பை: நாள் முழுவதும் உழைத்துக் களைக்கும் ஒருவருக்குத் தனியாக உடற்பயிற்சி தேவையா? தாராவியின் தையல் கூடங்களிலும், மாட்டுங்காவின் கடைகளிலும், செம்பூரிலிருந்து மின்சார ரயிலில் அலுவலகம் செல்வோரிடமும் எழும் கேள்வி இது. இதற்கு மருத்துவ ஆய்வுகள் அளிக்கும் விடையை இங்கே காண்போம்.

பேருந்தில் தொடங்கிய ஆய்வு

மும்பையில் 1937-ஆம் ஆண்டு அறிமுகமான 'பெஸ்ட்' இரட்டை அடுக்குப் பேருந்துகளில், பழைய டீசல் வண்டிகள் 2023 செப்டம்பரில் சேவையிலிருந்து விடைபெற்றன. இதே போன்ற லண்டன் பேருந்துகளின் ஊழியர்களைக் கொண்டே, உடலியக்கத்துக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பு முதன்முதலில் விரிவாக ஆராயப்பட்டது.

மருத்துவர் ஜெரமி மோரிஸ் தலைமையிலான குழுவின் அந்த ஆய்வு, 1953-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஓட்டுநர்கள் பணிநேரம் முழுவதும் அமர்ந்திருந்தனர். நடத்துநர்களோ நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறினர். ஒரே பேருந்தில் பணியாற்றியபோதிலும், நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவே ஏற்பட்டது. ஏற்பட்டபோதும் பிந்திய வயதிலும், கடுமை குறைந்ததாகவும் இருந்தது.

ஓட்டுநர் பணிக்கு வந்தவர்கள் முன்பே உடல் பருத்தவர்களாக இருந்திருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. மோரிஸ் குழுவினர் ஊழியர்களின் சீருடை அளவுகளை ஆராய்ந்து, ஓட்டுநர்களின் இடுப்பளவு கூடுதலாக இருந்ததை 1956-இல் தாங்களே வெளியிட்டனர். எனவே அந்த வேறுபாடு முழுவதற்கும் படியேறுதல் மட்டுமே காரணம் எனக் கூற இயலாது. எனினும், பின்னர் பல நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகள், உடலியக்கம் இதயத்தைக் காக்கிறது என்பதை உறுதிப்படுத்தின.

இந்தியர்களுக்கு ஏன் முக்கியம்?

52 நாடுகளில் நடத்தப்பட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தெற்காசியத் தரவுகள் 2007-இல் வெளியாயின. முதல் மாரடைப்பு ஏற்படும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53 ஆகவும், பிற நாட்டவருக்கு 58.8 ஆகவும் இருந்தது. குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதிலேயே நோய் தாக்குகிறது என்பதே இதன் பொருள்.

தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டீகர் ஆகிய பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2014-இல் வெளியானது. அதில் 54.4 சதவீதத்தினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் எனத் தெரியவந்தது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சியோ விளையாட்டோ மேற்கொண்டவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. 2024-இல் வெளியான உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் இக்குறை ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம்.

களைப்பு வேறு, இயக்கம் வேறு

தையல் இயந்திரத்தின் முன்னும், தோல் பொருள் செய்யும் பட்டறையிலும் பத்து மணி நேரம் அமர்ந்திருப்பவர் மாலையில் களைத்துப்போவது இயல்பு. ஆனால், அவரது இதயமும் பெருந்தசைகளும் அந்நேரத்தில் போதிய அளவு இயங்கியிருக்காது. இதயத்தைப் பொறுத்தவரை அவர் லண்டன் ஓட்டுநரின் நிலையில்தான் இருக்கிறார்.

சுமை தூக்கும் தொழிலாளரின் நிலை வேறு. டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், ஓய்வு நேர உடற்பயிற்சி இதய நோய் அபாயம் குறைவதுடனும், கடும் பணிச்சுமை அபாயம் கூடுவதுடனும் தொடர்புடையதாகக் காணப்பட்டது. போதிய இடைவேளையின்றிப் பல மணி நேரம் சுமப்பதால் ரத்த அழுத்தம் உயர்ந்த நிலையிலேயே நீடிப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மறுபுறம், இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் சுமார் 1.30 லட்சம் பேரிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான 'ப்யூர்' ஆய்வு, நடந்து வேலைக்குச் செல்வது, வீட்டு வேலை, தொழில் சார்ந்த உழைப்பு ஆகியவையும் நன்மை தருவதாகக் கூறுகிறது. தொழில்சார் உழைப்பைப் பற்றி இரு ஆய்வுகளும் வேறுபட்டாலும், ஓய்வு நேர உடலியக்கம் நல்லது என்பதில் ஒன்றுபடுகின்றன. கடும் உழைப்பாளிகளும் தங்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

எவ்வளவு தேவை?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்திலோ, 75 முதல் 150 நிமிடங்கள் தீவிர உடலியக்கத்திலோ ஈடுபட வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2020-இல் பரிந்துரைத்தது. வாரத்தில் இரு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாத வேகமே மிதமான வேகம்.

ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடங்கள் செய்தால்தான் பலன் என்ற பழைய நிபந்தனை இப்போது இல்லை. ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடப்பதும், மின்தூக்கியைத் தவிர்த்துப் படியேறுவதும் கணக்கில் சேரும்.

தொடர்ந்து இவ்வாறு இயங்குவோருக்கு ரத்த அழுத்தம் குறைகிறது. இன்சுலின் நன்கு செயல்படுகிறது. ரத்தக் குழாய்கள் எளிதில் விரிகின்றன. ஓய்வில் இருக்கும்போது இதயம் குறைந்த துடிப்புகளிலேயே தேவையான ரத்தத்தைச் செலுத்துகிறது.

இதற்குக் கட்டணம் செலுத்தும் உடற்பயிற்சிக் கூடம் கட்டாயமில்லை. மாட்டுங்காவின் 'ஃபைவ் கார்டன்ஸ்', செம்பூரின் 'டைமண்ட் கார்டன்', தாராவியை ஒட்டி முன்னாள் குப்பைமேட்டின் மீது உருவான மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா ஆகியவை அருகிலேயே உள்ளன. செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்குச் செல்வோர் ஏறும் படிகளும் இதயத்துக்குப் பயிற்சியே. மழைக்காலத்தில் குடியிருப்பின் படிக்கட்டு போதும்.

கவனிக்க வேண்டியவை

நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும், நெடுங்காலம் பயிற்சியின்றி இருந்தவர்களும் தீவிரப் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரை அணுக வேண்டும். புகையிலையைக் கைவிடாமல் நடைப்பயிற்சியை மட்டும் நம்புவது பயன் தராது.

மார்பில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால், வாயுத் தொல்லை எனக் கருதிக் காலம் தாழ்த்தாமல் உடனடியாக 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பேருந்துப் படிகளின் பயனை உலகுக்கு எடுத்துக்காட்டிய மோரிஸ், முதுமையிலும் உடற்பயிற்சியைக் கைவிடாதவர். 1910-இல் பிறந்த அவர், 2009-இல் தமது 99-ஆவது வயதில் காலமானார்.