ஏ டிரைவில் மறந்த பிளாப்பி



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டவுடன், நம் கம்ப்யூட்டர் லேப்பில் ஓடிய டாஸ் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். அந்த வகையில் எனக்கு ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

டாஸின் கதை 1980-இல் தொடங்குகிறது. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் என்பவர் 86-டாஸ் என்ற ஒன்றை எழுதினார். மைக்ரோசாஃப்ட் 1981 ஜூலையில் அதை வாங்கிக்கொண்டது. ஆகஸ்ட் 12-இல் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது அதுவே பிசி-டாஸ் ஆனது. அந்த முதல் பிசியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஆகவே மெஷினைப் போட்டதும் அது ஏ டிரைவைத்தான் தேடும். 1983-இல் 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு எக்ஸ்டி வந்த பிறகும், முதலில் ஏ, அப்புறம் சி என்ற வரிசை மாறவில்லை. இந்தப் பழக்கம் பின்னால் எவ்வளவு பாடு படுத்தியது என்று பாருங்கள்.

சுவிட்சைப் போட்டால், போர்டில் உள்ள பயாஸ் முதலில் நினைவகத்தை எண்ணிச் சரிபார்க்கும். எல்லாம் சரி என்றால் ஒரு 'பீப்'. பிறகு டிஸ்க்கின் முதல் செக்டாரை, வெறும் 512 பைட்டை, நினைவகத்தில் ஏற்றி, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடும். நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்காது. அந்தச் சிறு நிரல் ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ் என்ற மறைந்திருக்கும் இரண்டு கோப்புகளைக் கொண்டுவரும். பின்னர் கான்ஃபிக்.சிஸ் படிக்கப்படும், கமாண்ட்.காம் வரும்; ஆட்டோஎக்ஸெக்.பேட் ஓடும். கடைசியில் நாம் காத்திருந்த சி ப்ராம்ப்ட் கண் சிமிட்டும்.

1993-இல் ஒரு சாயங்காலம் லேப்பில் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் திரையில் 'நான்-சிஸ்டம் டிஸ்க்' என்ற செய்தி. என் பிளாப்பி ஏ டிரைவிலேயே இருந்தது. எடுத்துவிட்டு ஒரு கீயைத் தட்டினேன். மெஷின் ஒழுங்காக எழுந்தது. நானும் மறந்துவிட்டேன்.

மறுநாள் அதே மெஷினில் என் பக்கத்து சீட் நண்பன் தன் ப்ராஜெக்ட் பிளாப்பியைப் போட்டான். டிபேஸில் மூன்று மாத உழைப்பு. சற்று நேரத்தில், டிர் கொடுத்தால் பட்டியலின் பின்பகுதி குப்பையாக வந்தது. லேப் சார் வந்து செக்டிஸ்க் போட்டுப் பார்த்தார். மொத்த நினைவகம் 655360 காட்ட வேண்டிய இடத்தில் 653312. "2048 பைட்டு எங்கப்பா போச்சு? ஸ்டோன்டு வைரஸ் உள்ள குந்தியிருக்கு" என்றார். 1987-இல் நியூசிலாந்தில் தோன்றிய பூட் வைரஸ் அது. 1.2 எம்பி பிளாப்பியில் அது ஒதுங்கும் இடம் கோப்புப் பட்டியல் இருக்கும் செக்டார். 32 கோப்புகளுக்கு மேல் இருந்தால் பட்டியலில் அதற்கு மேலுள்ளவை அழியும்.

சார் மேலும் விளக்கினார். சிஸ்டம் இல்லாத பிளாப்பியிலும் அந்த 512 பைட் நிரல் உண்டு. 'நான்-சிஸ்டம் டிஸ்க்' என்று சொல்வதே அந்த நிரல்தான். ஆகவே அந்தச் செய்தியை நாம் படிக்கும்போது வைரஸ் ஏற்கெனவே ஹார்ட் டிஸ்க்கில் ஏறியிருக்கும்! எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்குள் சார் நண்பன் பக்கம் திரும்பி, "கேம் பிளாப்பியெல்லாம் உன்னை யாரு கொண்டுவரச் சொன்னா?" என்று எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார். ஒரு வாரம் அவன் லேப்புக்குள் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். கேம் பிளாப்பி என்னுடையது. நான் வாய் திறக்கவில்லை.

வைத்தியம் என்னவோ சுலபம்தான். சுத்தமான சிஸ்டம் பிளாப்பியின் ஓரத்து வெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, எதுவும் எழுத முடியாதபடி செய்து, அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். பிறகு எஃப்டிஸ்க் /எம்பிஆர். அன்று முதல் சார் எங்களுக்குப் பராமரிப்புப் பாடம் நடத்தினார்: வாரம் ஒருமுறை செக்டிஸ்க் /எஃப் கொடுத்துத் தொலைந்த கிளஸ்டர்களை மீட்பது, எந்த வேலைக்கும் இரண்டு பிரதி வைப்பது, எழுந்து போகுமுன் டிரைவைத் திறந்து பார்ப்பது. டீஃப்ராக் 1993-இல் டாஸ் 6-உடனும், ஸ்கேன்டிஸ்க் அதே ஆண்டு 6.2-உடனும் வந்தன.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2012-இல் விண்டோஸ் 8 காலத்தில் பரவிய செக்யூர் பூட், கையொப்பம் சரியா என்று பார்த்த பிறகே நிரலை ஓடவிடுகிறது. பயாஸ் கேட்கத் தவறிய கேள்வியை அது கேட்கிறது. பழைய டாஸ் 1.25, 2.0 மூலநிரல்கள் 2014-இலும், 4.00 மூலநிரல் 2024-இலும் எல்லோரும் படிக்க வெளியிடப்பட்டுள்ளன. ஆர்வமுள்ளவர்கள் படித்துப் பாருங்கள்.

கடைசியாக, பக்கத்து சீட் நண்பனே! அந்த ப்ராஜெக்ட்டை நீ ராத்திரி பகலாக மறுபடி டைப் அடித்தாய். நான் உனக்கு டீ வாங்கிக் கொடுத்தேனே தவிர, உண்மையைச் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு சந்திப்புக்கு வா. லேப் சாரும் வருவதாகக் கேள்வி. அவர் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.