ஆனந்த கிருஷ்ணன்: தொலைத்தொடர்பிலும் செயற்கைக்கோள் தொலைக்காட்சியிலும்

ஆனந்த கிருஷ்ணன் (1938–2024) மலேசியத் தொழிலதிபர். மேக்சிஸ் கைத்தொலைபேசி நிறுவனம், மீசாட் செயற்கைக்கோள்கள், ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சி ஆகிய மூன்றையும் 1990-களின் நடுவில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கியவர். செய்தியையும் நிகழ்ச்சியையும் கொண்டுசெல்லும் வழி, அவ்வழியே செல்லும் நிகழ்ச்சிகள், அவற்றைப் பெறும் வாடிக்கையாளர் கணக்கு ஆகிய அனைத்தையும் ஒரே உரிமையாளரின் கீழ்க் கொண்டுவருவதே அவருடைய தொழில்முறையின் அடிப்படையாக இருந்தது. அரசே தனியார்மயத்தை முன்னெடுத்த மலேசியாவில் பெருவெற்றி பெற்ற இம்முறை, உரிமக் கொள்கையும் உள்ளூர்ப் பங்காளிகளும் அவருடைய கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டிருந்த இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் அதே பயனைத் தரவில்லை.

இளமையும் தொடக்ககாலத் தொழில்களும்

தற்பரானந்தம் ஆனந்த கிருஷ்ணன் 1938 ஏப்ரல் 1 அன்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், இலங்கைத் தமிழ் வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். பிரித்தானிய மலாயாவின் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாகப் பணியாற்ற யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் பலர் குடியேறிய பகுதி அது. விவேகானந்தா தமிழ்ப்பள்ளியிலும் விக்டோரியா இன்ஸ்டிட்யூஷனிலும் பயின்ற அவர், காமன்வெல்த் நாடுகள் ஆசிய வளர்ச்சிக்கென வகுத்த கொழும்புத் திட்டத்தின் உதவித்தொகையுடன் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்து, 1964-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் வணிக மேலாண்மைப் பட்டம் பெற்றார்.

நாடு திரும்பியபின் ஆலோசனை நிறுவனமொன்றை நடத்திய அவர், எக்சாயில் என்னும் நிறுவனத்தின் வழியாக எண்ணெய் வணிகத்தில் பொருளீட்டினார். 1974-இல் நிறுவப்பட்ட தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் தொடக்ககால அமைப்புப் பணியிலும் பங்குகொண்டார். 1982 முதல் 1987 வரை மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இயக்குநர் குழுவில் இருந்தார். எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985 ஜூலையில் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடந்து, செயற்கைக்கோள் வழியாகப் பல நாடுகளுக்கு ஒளிபரப்பான லைவ் எய்ட் இசைநிகழ்ச்சிக்கு நிதிப் பின்னணி அளித்தவர்களுள் அவரும் ஒருவர். எண் குலுக்கல் பந்தயத் தொழில் நிலையான வருவாயைத் தர, கோலாலம்பூரின் பழைய குதிரைப்பந்தயத் திடலை நகர மையமாக மாற்றிய திட்டம் அவரை நாடறியச் செய்தது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் நிற்பது அந்த நிலத்தில்தான். இத்தொழில்கள் பலவற்றின் உரிமை, உசாஹா தெகாஸ் என்ற அவருடைய தனியார் நிறுவனத்திடம் குவிந்திருந்தது.

பினாரியாங்கும் மேக்சிஸும்

மலேசியாவில் தொலைபேசிச் சேவையை நடத்திவந்த அரசுத் துறை 1987-இல் நிறுவனமாக மாற்றப்பட்டபின், பிரதமர் மகாதீர் முகமதுவின் அரசு தனியார் நிறுவனங்கள் பலவற்றுக்குத் தொலைத்தொடர்பு உரிமங்களை வழங்கியது. அவ்வாறு உரிமம் பெற்ற பினாரியாங், 1995-இல் மேக்சிஸ் என்னும் பெயரில் ஜி.எஸ்.எம். சேவையைத் தொடங்கியது. ஜி.எஸ்.எம். என்பது ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட இலக்கமுறைக் கைத்தொலைபேசித் தரம். வாடிக்கையாளரின் அடையாளம் தனியே கழற்றி மாற்றத்தக்க சிம் அட்டையில் அமைவது அதன் சிறப்பு.

மூலதனமும் தொழில்நுட்ப அறிவும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்ததால், முதலில் அமெரிக்காவின் யு.எஸ். வெஸ்ட் நிறுவனமும் 1998-இல் பிரிட்டிஷ் டெலிகாமும் பங்குதாரர்களாயின. உலகத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கடன்சுமையில் தத்தளித்த 2001-இல் உசாஹா தெகாஸ் வெளிநாட்டுப் பங்குகளைத் திரும்ப வாங்கி, அடுத்த ஆண்டே மேக்சிஸைப் பங்குச்சந்தையில் பட்டியலிட்டது. பின்னர் டைம்செல் நிறுவனத்தையும் மேக்சிஸ் இணைத்துக்கொண்டது; இத்தகைய இணைப்புகளால், ஐந்து போட்டியாளர்கள் இருந்த மலேசியச் சந்தை மூவராகச் சுருங்கியது.

2007-இல் மேக்சிஸைப் பங்குச்சந்தையிலிருந்து விலக்கித் தனியார் உடைமையாக்கிய ஆனந்த கிருஷ்ணன், அதன் 25 விழுக்காட்டுப் பங்குகளையும் இந்தோனேசிய நிறுவனமொன்றின் பெரும்பான்மைப் பங்குகளையும் ஏறத்தாழ 305 கோடி டாலருக்குச் சவூதி டெலிகாமுக்கு விற்றார். உள்நாட்டுத் தொழிலை மட்டும் 2009 நவம்பரில் மீண்டும் பட்டியலிட்டபோது திரட்டிய 1,120 கோடி ரிங்கிட், அன்றுவரை மலேசியா கண்ட மிகப் பெரிய பங்கு வெளியீடாகும். நிறுவனத்தைச் சந்தையிலிருந்து எடுத்து, சீரமைத்து, மறுபடி சந்தைக்குக் கொண்டுவரும் இவ்வழியை அவர் ஆஸ்ட்ரோவிலும் பின்பற்றினார்.

மீசாட் செயற்கைக்கோள்கள்

நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே கால அளவில் சுற்றுவதால் தரையிலிருந்து பார்ப்போருக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். ஆகவே வீட்டுக்கூரையில் பொருத்தும் டிஷ் ஆண்டெனாவை ஒருமுறை திசைப்படுத்தினால் போதும். இத்தகைய புவிநிலைச் சுற்றுப்பாதையில் மலேசியாவின் முதல் செயற்கைக்கோளான மீசாட்-1, அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனத்தால் கட்டப்பட்டு, 1996 ஜனவரியில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் ஏவூர்தி மூலம் செலுத்தப்பட்டு, கிழக்கு 91.5 பாகையில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மீசாட்-2 தொடர்ந்தது.

இவை இருவகை அலைவரிசைப் பட்டைகளில் இயங்கின. சி பட்டையின் அலைகள் மழையால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. எனினும் அவற்றைப் பெறப் பெரிய ஆண்டெனா வேண்டும். கேயு பட்டைக்கு 60 சென்டிமீட்டர் அளவுள்ள சிறிய டிஷ் போதும். ஆனால் அதன் குறுகிய அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்கின்றன. வெப்பமண்டலப் பெருமழை பெய்யும் நாட்டில், வீடுதோறும் பொருத்தக்கூடிய சிறிய டிஷ்ஷுக்காக இக்குறையை ஏற்றுக்கொண்டு, செயற்கைக்கோளின் ஒளிபரப்பு ஆற்றலைக் கூட்டி ஈடுசெய்வதே திட்டமாக இருந்தது. மாலை மழையில் ஆஸ்ட்ரோவின் படம் மறைவது மலேசிய வீடுகளில் பழகிப்போன ஒன்று.

ஆஸ்ட்ரோ

1990-களின் நடுப்பகுதி வரை மலேசியாவில் பொதுமக்கள் வீடுகளில் செயற்கைக்கோள் ஆண்டெனா வைத்துக்கொள்வது தடைசெய்யப்பட்டிருந்தது. வெளிநாட்டு நிகழ்ச்சிகள் தணிக்கையின்றி உள்ளே வருவதை அரசு விரும்பவில்லை. உரிமம் பெற்ற ஒரே உள்நாட்டு நிறுவனத்தின் வழியாக அவை வருவது அதற்கு ஏற்புடையதாக இருந்தது. இச்சூழலில் 1996-இல் தொடங்கப்பட்ட ஆஸ்ட்ரோ, புக்கிட் ஜாலிலில் அமைந்த ஒளிபரப்பு மையத்திலிருந்து நிகழ்ச்சிகளை மீசாட்டுக்கு அனுப்பி, குறியாக்கம் செய்யப்பட்ட அலைகளைச் சந்தாதாரரின் செட்-டாப் பெட்டி வழியாகக் காட்சிப்படுத்தியது. பிற்காலத்தில் அது மலேசிய வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றைச் சென்றடைந்தது.

மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளுக்குத் தனித்தனித் தொகுப்புகளை அமைத்தது ஆஸ்ட்ரோவின் வணிக உத்தி. அரசுத் தொலைக்காட்சியில் குறிப்பிட்ட நேரங்களுக்குள் அடங்கியிருந்த தமிழ் நிகழ்ச்சிகளுக்கு, வானவில் அலைவரிசை நாள்முழுதும் இடமளித்தது. பின்னர் ஆஸ்ட்ரோ குழுமத்துக்குள் வந்த தமிழ் வானொலியான ராகாவும் சேர்ந்து, மலேசியத் தமிழ் அறிவிப்பாளர்கள், பாடகர்கள், நாடகத் தயாரிப்பாளர்கள் ஆகியோருக்கு ஒரு தொழிற்களம் உருவாயிற்று.

வெளிநாட்டு முதலீடுகள்

இந்தோனேசியாவில் லிப்போ குழுமத்துடன் இணைந்து 2006-இல் தொடங்கிய ஆஸ்ட்ரோ நுசாந்தாரா, பங்காளிகளிடையே எழுந்த பூசலால் 2008-இல் நின்றுபோனது; அதுகுறித்த நடுவர் தீர்ப்பும் தொடர் வழக்குகளும் சிங்கப்பூர் நீதிமன்றங்கள் வரை சென்றன. 2008-இல் இலங்கை டெலிகாமின் 35.2 விழுக்காட்டுப் பங்குகளை ஜப்பானின் என்.டி.டி.யிடமிருந்து அவருடைய குழுமம் வாங்கியது.

இந்தியாவில் சி. சிவசங்கரன் நிறுவிய ஏர்செல்லின் 74 விழுக்காட்டுப் பங்குகளை 2006-இல் மேக்சிஸ் கைப்பற்றியது. சன் குழுமத்தின் நேரடித் தொலைக்காட்சிச் சேவையில் ஆஸ்ட்ரோ குழுமமும் முதலீடு செய்தது. இவ்விரண்டையும் தொடர்புபடுத்தி 2011-இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. 2017 பிப்ரவரியில் தில்லி சிறப்பு நீதிமன்றம், சன் குழுமத்தை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த மாறன் சகோதரர்கள் உள்ளிட்டோரை விடுவித்தது. மலேசியாவில் இருந்த ஆனந்த கிருஷ்ணன் உள்ளிட்டோர் தொடர்பான பகுதி தனியாகப் பிரிக்கப்பட்டது. இதனிடையே, அலைக்கற்றை ஏலத்தில் ஏறிய கடனும், 2016-இல் ஜியோவின் வருகையால் சரிந்த கட்டணங்களும் ஏர்செல்லை நெருக்கின. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடனான இணைப்புத் திட்டமும் 2017-இல் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டில் முன்னணிச் சேவையாக விளங்கிய அது, 2018 பிப்ரவரியில் கோபுரங்கள் முடங்கிச் சேவை தடைப்பட்டதை அடுத்துத் திவால் நடவடிக்கையை நாடியது.

பிற்காலமும் மதிப்பீடும்

டான் ஸ்ரீ பட்டம் பெற்றிருந்தும் பொதுமேடைகளைத் தவிர்த்தே வாழ்ந்த ஆனந்த கிருஷ்ணன், 2024 நவம்பர் 28 அன்று 86-ஆம் வயதில் காலமானார். அரசின் நல்லெண்ணத்தால் கிடைத்த உரிமங்கள் அவருடைய எழுச்சிக்குக் காரணம் என்பது அவர்மீதான முதன்மையான விமரிசனம். எனினும் அதே காலத்தில் உரிமம் பெற்ற வேறு மலேசிய நிறுவனங்கள் சில, 1997–98 ஆசிய நிதி நெருக்கடிக்குப்பின் கைமாறியும் பிறவற்றோடு இணைந்தும் போயின. மேக்சிஸ் இன்றும் மலேசியாவின் முன்னணிக் கைத்தொலைபேசி நிறுவனங்களுள் ஒன்றாக நீடிக்கிறது. 2022-இல் ஏவப்பட்ட மீசாட்-3டி, முதல் செயற்கைக்கோள் நிறுத்தப்பட்ட அதே 91.5 பாகையில் பணியைத் தொடர்கிறது. இணையவழி ஒளிபரப்புச் சேவைகளின் போட்டியால் சந்தாதாரர்களை இழந்துவரும் ஆஸ்ட்ரோ, செயற்கைக்கோளை மட்டும் நம்பியிராமல் அகலப்பட்டை இணையத்தையும் வழங்கும் நிறுவனமாக மாறிவருகிறது.