ஏறாத மலையை நிர்வகித்த கம்பெனி: திருப்பதி, 1801–1843

இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு வணிக நிறுவனம் 1801 முதல் 1843 வரை திருமலை–திருப்பதிக் கோயில்களின் நிர்வாகத்தை நேரடியாகத் தன் கையில் வைத்திருந்தது. ஆனால் 1870இல் காவல்துறைக் கண்காணிப்பாளர் ஒருவர் ஏறும் வரை ஐரோப்பியர் எவரும் திருமலைக்குச் சென்றதில்லை என்று பழைய கெசட்டியர் குறிப்புகள் கூறுகின்றன. அப்படியானால் தன் ஐரோப்பிய அதிகாரிகள் கண்ணால் காணாத ஒரு நிறுவனத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி நாற்பதாண்டுக் காலம் நடத்தியிருக்கிறது. பண்பாட்டுக்கும் பன்னாட்டு மேலாண்மைக்கும் உள்ள உறவை ஆராய்வோர் இந்த நிகழ்வை மேலும் கூர்ந்து நோக்க வேண்டும்.

இத்துறையின் பாடநூல்கள் பெரும்பாலும் கீர்ட் ஹாஃப்ஸ்டெடின் 1980ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குகின்றன. ஐ.பி.எம். ஊழியர்களிடம் திரட்டிய விடைகளைக் கொண்டு நாடுகளின் பண்பாட்டு வேறுபாடுகளை அவர் எண்களாக்கினார். அப்பார்வையின் எளிய வடிவத்தில், பண்பாடு என்பது நிறுவனத்துக்கு வெளியே நிற்கும் ஒரு தடை. அதைக் கடக்க மேலாளருக்குப் பயிற்சி தேவை. திருப்பதியின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. அங்கே நிர்வாகத்தின் கருவிகளையே பண்பாடுதான் உருவாக்கியது.

கம்பெனி வந்தபோது திருமலை ஒரு வெற்றிடமாக இல்லை. அங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் ஒரு தெளிவான பொருளியல் முறை புலப்படுகிறது. கொடையாளர் பொன்னைக் கோயிலிடம் ஒப்படைப்பார். கோயிலை நிர்வகித்த தானத்தார் அப்பொன்னைக் கோயில் ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவிடுவர். அதனால் பெருகிய விளைச்சலிலிருந்து குறிப்பிட்ட தளிகை நாள்தோறும் படைக்கப்படும். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்ற பெயரில் கொடையாளரைச் சேரும். பர்ட்டன் ஸ்டெய்ன் 1960இல் வெளியிட்ட கட்டுரை இம்முறையை விரிவாக விளக்கியது. முதலீடு, வருவாய், பங்குரிமை ஆகிய மூன்றும் இங்கே வழிபாட்டின் மொழியிலேயே எழுதப்பட்டிருந்தன. சமயத்தை ஒரு பக்கமும் பொருளியலை மறுபக்கமும் வைத்துப் பிரித்துக் கணக்கெழுத அங்கு இடமில்லை.

விஜயநகரத்தின் வீழ்ச்சிக்குப் பின் இந்த ஏற்பாடு தளர்ந்தது. ஆர்க்காட்டு நவாபுகள் கோயில் வருமானத்தைக் குத்தகைக்கு விட்டனர். போர்ச் செலவுக்காகக் கம்பெனியிடம் கடன்பட்ட முகமது அலி, அவ்வருமானத்தைக் கம்பெனிக்கு ஒதுக்கினார். 1753இல் முகமது கமால் திருப்பதியைத் தாக்க வந்தபோது கம்பெனிப் படை போரிட்டது; பாதுகாக்க வேண்டிய வருமானம் அங்கிருந்தது. 1801இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனி வசமானபோது கோயில் நிர்வாகமும் வட ஆர்க்காட்டுக் கலெக்டரின் பொறுப்பில் வந்தது. அம்மாவட்டத்தின் தலைமையிடம் அன்று சித்தூர். செலவு போக எஞ்சிய வருமானம் அரசுக் கருவூலத்தைச் சேர்ந்தது.

கலெக்டர் ஸ்ட்ராட்டன் 1803இல் வருவாய் வாரியத்துக்கு அனுப்பிய அறிக்கை முதல் 1821இல் புரூஸ் வகுத்த 42 விதிகள் வரை, கம்பெனியின் முயற்சிகள் யாவும் ஒரே திசையில் சென்றன. கோயிலில் எது வழக்கம் என்பதை எழுத்தில் பெறுவதே அத்திசை. கோயில் பணியாளர்களிடம் கேள்விகள் கேட்டு அவர்கள் தந்த விடைகளைப் பதிந்தது ‘சவால்-ஜவாப் பட்டி’. யார் எந்தத் தொண்டைச் செய்வது என்பதைக் ‘கைங்கரியப் பட்டி’ வரையறுத்தது. ஒவ்வொரு தளிகைக்கும் உரிய அரிசி, நெய், பருப்பின் அளவைத் ‘திட்டம்’ நிர்ணயித்தது. கோயிலில் உள்ளவற்றை அளந்து எழுதியது ‘பைமாயிஷி’. மலையேறாத அதிகாரிகளின் நிலையிலிருந்து பார்த்தால் இந்த ஆவணப் பெருக்கத்தின் காரணம் விளங்கும். நேரில் பார்க்க முடியாதவர் கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்டதை எழுதித்தான் ஆள வேண்டும்.

இவ்வாவணங்களின் பெயர்களே ஒரு மொழியியல் சான்று. கைங்கரியம் வைணவ மரபின் சொல். சவால், ஜவாப், பைமாயிஷி ஆகியவை நவாபுகளின் வருவாய்த்துறை வழியாக வந்த அரபு, பாரசீகச் சொற்கள். விதித்தொகுப்புக்கு மட்டும் ‘கோட்’ என்ற ஆங்கிலப் பெயர் நிலைத்தது. புதிய நிர்வாகம் பழையதை நீக்கிவிட்டு அமரவில்லை; அதன் மேல் ஓர் அடுக்காகப் படிந்தது. திருமலையில் இன்றும் ‘பேஷ்கார்’ என்ற பதவி உண்டு. இலட்டுக்குரிய பொருள்களின் அளவு இன்றும் ‘திட்டம்’ என்றே வழங்குகிறது. இக்காலத் தமிழில் எதிர்காலத்துக்கான ஏற்பாட்டைக் குறிக்கும் சொல், அங்கே மாறாத அளவைக் குறிக்கிறது.

ஆனால் இதைப் பண்பாட்டுக்கு இசைந்த மேலாண்மை என்று பாராட்டி நிறுத்திக்கொள்வது தவறாகும். வழக்கம் என்பது பேச்சால் மாறிக்கொண்டிருப்பது. எழுத்தில் பதிந்த நாளில் அது உறைந்துவிடுகிறது. கேள்விகளுக்கு விடையளிக்கும் வாய்ப்பு ஏற்கெனவே உரிமை பெற்றிருந்தோருக்கே கிடைத்தது. அவர்களது கூற்று விதியாயிற்று. அர்ச்சகர் முதலானோரின் பரம்பரை மிராசு உரிமைகள் அதற்குப் பின்னும் நீண்ட காலம் நிலைத்தன. 1987ஆம் ஆண்டின் ஆந்திர அறநிலையச் சட்டம்தான் அவற்றை ஒழித்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. உள்ளூர்ப் பண்பாட்டை மதித்தல் என்ற கொள்கையைக் கையாளும் எந்த நிறுவனமும், அப்பண்பாட்டைத் தனக்கு எடுத்துரைப்பவர் யார் என்று கேட்டாக வேண்டும்.

கம்பெனி வெளியேறியதும் பண்பாட்டின் விளைவே. இம்முறை அது தலைமையிடத்தின் பண்பாடு. கிறித்தவ அரசு ஒன்று கோயில்களை நடத்துவதா என்ற கண்டனம் இங்கிலாந்தில் வலுத்தது. 1833இல் இயக்குநர் குழு அனுப்பிய ஆணை இத்தொடர்பிலிருந்து விலகும்படி அறிவுறுத்தியது. கோயில் விழாக்களில் படையினர் மரியாதை செய்வதை எதிர்த்துச் சென்னைப் படைத்தலைவர் பெரகிரின் மெயிட்லண்ட் 1838இல் பதவி விலகினார். கம்பெனியின் வணிகப் பணிகளை 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டமே முடித்துவைத்திருந்தது. ஆதாயம் தந்துகொண்டிருந்த ஒரு பொறுப்பை 1843இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்து சேவாதாஸிடம் ஒப்படைத்துவிட்டு அது விலகியது. கணக்கேட்டை மட்டும் பார்ப்பவருக்கு இம்முடிவு விளங்காது.

மகந்துகளின் நிர்வாகம் 1933இல் திருமலை திருப்பதி தேவஸ்தானச் சட்டம் வரும் வரை நீடித்தது. கம்பெனி 1874இல் கலைக்கப்பட்டது. அது கேட்டு எழுதிவைத்த விடைகளோ கோயிலின் நினைவில் தங்கிவிட்டன. வணிகம் பண்பாட்டை எதிர்கொண்ட இடங்களை ஆராயும் மாணவர்கள் இத்தகைய பட்டிகளையும் திட்டங்களையும் மேலாண்மை ஆவணங்களாகவும் படிக்க வேண்டும். அவற்றில் பதிவான குரல்களோடு, கேள்வியே கேட்கப்படாதவர்களின் மௌனத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.